மெட்டு ஏறும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலைகள் இரண்டும் இரவு பகல் பாராமல் நிரம்பிவிடுகின்றன. கூட்டம் மிகும் நாட்களில், சபரிமலைக்குச் செல்லும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றித் திரும்பி வருபவற்றைக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாட்டைக் காவல்துறை நடைமுறைப்படுத்துகிறது. கம்பத்தில் குடியிருந்துகொண்டு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலையாக அடிக்கடி ஏறி இறங்குபவன் நான். வளைவு ஓரத்தில் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஆவி பறக்கும் என்ஜினைச் சுற்றி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களை அந்த நாட்களில் பார்க்காமல் மலை ஏறியது அரிது. அவற்றில் பெரும்பாலான வண்டிகளின் பழுது மலையில் தொடங்கியதன்று என்பதும், ஊரில் கிளம்பும்போதே இருந்த குறையை மலை வெளிப்படுத்திவிட்டது என்பதும் என் உறுதியான எண்ணம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான்.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரும் சாலை ஏறக்குறையச் சமதளம். வண்டி வேகமாக ஓடும்போது என்ஜினின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரை எதிர்க்காற்றே குளிர்வித்துவிடுவதால், பாதி அடைத்துக்கொண்ட ரேடியேட்டரும், தளர்ந்த பெல்ட்டும், சுழலாத விசிறியும் அங்கே தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. லோயர் கேம்ப்பைக் கடந்ததும் நிலைமை மாறுகிறது. குமுளி வரையிலான 6 கிலோமீட்டர் மலைச்சாலையில் வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கிறது. ஆட்களும் மூட்டைகளும் ஏற்றிய பாரத்தை மேலே இழுக்க என்ஜின் தன் முழுத் திறனையும் செலவிடுகிறது. ஆனால் முன்புறம் மோதும் காற்றோ மிகக் குறைவு. முன்னால் ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தால் அதன் புகையும் வெப்பமும் சேர்ந்து வரும். இத்துடன் ஏசியும் ஓடினால், ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் காற்றைச் சூடாக்கியே ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் சாலையிலும் நடப்பது இதுவே.

உயரத்திற்கும் இதில் சிறு பங்கு உண்டு. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைகிறது. 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கும் குமுளியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜின் வேலை செய்யும் இயல்பான வெப்பமோ 90 டிகிரியை ஒட்டியது. இந்தச் சிறிய இடைவெளியை அகலப்படுத்துபவை இரண்டு. ஒன்று, என்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவமான கூலண்ட். பாதிக்குப் பாதி தண்ணீருடன் கலந்த எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலை தண்ணீருடையதைவிட அதிகம். மற்றொன்று, ரேடியேட்டரின் மூடி. பிரஷர் குக்கரின் மூடியைப் போலவே அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை உயர்த்துகிறது. அழுத்தம் நன்றாகத் தேங்கியிருக்கும் முறையான கலவை 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால், எத்தனை நல்ல கூலண்ட் ஊற்றியிருந்தாலும் பயன் பாதியாகிவிடும். சொற்ப விலையுள்ள அந்த மூடியை மாற்ற மனமில்லாமல் வாட்டர் பம்ப் வரை கழற்றிப் பார்த்தவர்களை நான் அறிவேன்.

“கூலண்ட் எதற்கு, கொதித்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்” என்று இங்கே பலர் இன்னமும் சொல்கிறார்கள். அவசரத்திற்குத் தண்ணீர் ஊற்றுவதில் தவறில்லை. அதையே வழக்கமாக்கிக்கொள்வதுதான் தவறு. போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் என்ஜினின் நீர்வழிகளிலும் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கிறது. துருவைத் தடுக்கும் மருந்துப் பொருட்கள் கூலண்டில்தான் இருக்கின்றன. வெறும் தண்ணீரில் ஓடிய வாட்டர் பம்ப்பின் சீல் விரைவில் கசியத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். காலையில், என்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறக்க வேண்டும். கூலண்ட் டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். மட்டம் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூடிய அமைப்பிலிருந்து கூலண்ட் காரணமின்றிக் குறையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஓஸ் பைப்புகளின் கிளாம்ப் அருகே பச்சையாகவோ சிவப்பாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓஸை விரலால் அழுத்தினால் அது உறுதியாக இருக்க வேண்டும். நொறுநொறுவென்று வெடிப்பு விட்டிருந்தாலோ கொழகொழவென்று அமுங்கினாலோ மலைக்கு முன் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டரின் முகத்தில் பூச்சிகளும் சருகுகளும் சேறும் அப்பியிருந்தால், மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்து அதிவேக நீரைக் கிட்டத்தில் பிடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று புகாமல் போய்விடும்.

அடுத்தது பெல்ட். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்ஜின் சூடாவதையும் ஸ்டீயரிங் கனப்பதையும் இணைப்பது இதுதான். ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பல வண்டிகளில், என்ஜினின் முன்புறம் ஓடும் ஒரே நீண்ட பெல்ட், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் கூலண்டைச் சுற்றிவரச் செய்யும் வாட்டர் பம்ப்பையும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் சேர்த்தே சுழற்றுகிறது. அது அறுந்தால் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். அப்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிவதும் ஸ்டீயரிங் கல்லாகக் கனப்பதும் அந்த நொடியே நிகழும். ஆனால் வெப்பத்தைக் காட்டும் முள் ஏறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்கள்தாம் என்ஜினைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம். “ஸ்டீயரிங் மட்டுந்தானே கனக்கிறது, குமுளி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஓட்டியவர்கள், என்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து என்ஜினையே பிரிக்க வேண்டிய செலவில் போய் முடிந்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கும் பேட்டரி விளக்கும் சேர்ந்து எச்சரித்தால், முள் எங்கே நின்றாலும் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். சில வண்டிகளில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட். சிலவற்றில் தனித்தனியே இரண்டு மூன்று பெல்ட்டுகள் இருக்கும். உங்கள் வண்டியில் எது எதைச் சுழற்றுகிறது என்பதை அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்வது மிக நல்லது.

பெல்ட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் வெடிப்புகளும் நார் பிரிவதும் தெரியும். வண்டியைக் கிளப்பியதும், அல்லது ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது, கிறீச்சென்று கூவும் ஓசை வந்தால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. மாறாக, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முனகுவதுபோல் கனத்த ஓசை வந்தால், அது பெல்ட் அன்று. ஸ்டீயரிங் ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

அந்த ஆயிலைப் பார்ப்பது எளிது, ஆனால் மிகப் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. முதலில் உங்கள் வண்டியில் ஆயில் இருக்கிறதா என்பதே கேள்வி. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் கொண்டவை. அவற்றில் ஊற்றவும் பார்க்கவும் எதுவும் இல்லை. பொலேரோ, பழைய இன்னோவா போன்ற, நம் பக்கத்து மலைச்சாலைகளில் மிகுதியாக ஓடும் வண்டிகளில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்தான் இருக்கிறது. பானெட்டுக்குள் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம் பொறித்த மூடியுடன் ஒரு சிறு டப்பா இருக்கும். சில டப்பாக்கள் வெளியிலிருந்தே மட்டம் தெரியும்படி கோடு போட்டவை. சிலவற்றில் மூடியோடு ஒட்டிய குச்சியில் குறி இருக்கும். அந்தக் குச்சியில் சூடான நிலைக்கு ஒன்று, ஆறிய நிலைக்கு ஒன்று என இரு குறிகள் இருந்தால், சூடானால் ஆயில் விரிந்து மட்டம் உயரும் என்பதால், வண்டி எந்த நிலையில் இருக்கிறதோ அந்தக் குறியைப் பார்க்க வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள தூசியைத் துணியால் துடைத்துவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றுக் காலத்தில் மண் எங்கும் படிந்திருக்கும், அதில் ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் பம்ப்புக்குக் கேடு.

நல்ல ஆயில் தெளிவாக இருக்கும். பல வண்டிகளில் அது ஏடிஎஃப் எனப்படும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு நிற ஆயில். சிலவற்றுக்குப் பச்சை நிற ஆயில் குறிக்கப்பட்டிருக்கும், இரண்டையும் கலக்கக் கூடாது. எது உரியது என்பது வண்டியோடு வந்த கையேட்டிலோ மூடியின் மேலோ அச்சிடப்பட்டிருக்கும். ஆயில் பழுப்பேறிக் கருத்து, கருகிய வாடை வீசினால் மாற்றும் காலம் வந்துவிட்டது; நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. அருகிலேயே பிரேக் ஆயில் டப்பாவும் இருப்பதால் அவசரத்தில் கை மாறிவிடக் கூடாது. பிரேக் ஆயிலை ஸ்டீயரிங் டப்பாவில் ஊற்றினால் அதற்கென்று செய்யப்படாத ரப்பர் சீல்கள் ஊறிப் பெருத்துக் கெட்டுவிடும். ஸ்டீயரிங் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றினால் கெடுவது பிரேக்கின் ரப்பர்கள். மலைச்சாலையில் அதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை. மட்டம் குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடக்கடைசிக்கும் வலக்கடைசிக்கும் சில முறை மெதுவாகத் திருப்பி, அணைத்து, மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி நிரப்புவது நல்லதன்று. சூடாகும்போது வழிந்து, சூடான சைலென்சர் குழாய் மீது சொட்டினால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

கடந்த மண்டல காலத்தில் மெட்டுச் சாலையில் ஒரு வேன் நின்றிருந்தது. பானெட்டுக்கடியில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. மாலை அணிந்த இளைஞர் ஒருவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய், “சாமி, தொடாதீங்க சாமி, கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிச்சிரும்” என்று தடுத்தேன். அவர் சட்டென்று பின்வாங்கினார். மூடி அழுத்தத்தில் இருக்கும்போது உள்ளே இருப்பது 100 டிகிரிக்கும் மேலான நீர்; திறந்த மறுகணமே அழுத்தம் விலகி அது மொத்தமாகக் கொதித்து வெளியே பீறிடும். துண்டு எத்தனை மடிப்பாக இருந்தாலும் முகத்தைக் காக்காது. மற்றோர் ஆபத்தையும் அன்று அவரிடம் சொன்னேன். மின்விசிறி பொருத்திய கார்களில், என்ஜின் அணைந்த பிறகும் விசிறி தானாகவே சுழலத் தொடங்கலாம். கழுத்தில் தொங்கும் மாலையோ துண்டோ அதில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. குனிந்து பார்ப்பவர்கள் மாலையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, துண்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும்.

மலையில் முள் நடுவைத் தாண்டி ஏறுவதைக் கண்டதும் செய்ய வேண்டியவை இவை. ஏசியை உடனே அணையுங்கள். ஹீட்டரை முழு வெப்பத்திலும் அதன் விசிறியை முழு வேகத்திலும் வையுங்கள். வண்டிக்குள் வியர்த்துக் கொட்டும், குழந்தைகள் அழும், ஆனால் என்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது வெளியேற்றிவிடும். உயர்ந்த கியரில் திணறவிடாமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். வாட்டர் பம்ப் விரைந்து சுழலும். அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டுங்கள். வளைவிலும் வளைவுக்கு முன்னும் நிறுத்தாதீர்கள். மேலிருந்து இறங்கும் பேருந்துக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

நின்ற பிறகு என்ஜினை அணைப்பதா ஓடவிடுவதா என்பதில் பெருங்குழப்பம் இருக்கிறது. ஆவி வரவில்லை, கூலண்ட் கீழே கொட்டவில்லை, பெல்ட் அறவில்லை, முள் சிவப்பைத் தொடவில்லை என்றால், நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்திச் சில நிமிடங்கள் ஓடவிடுவது நல்லது. பொலேரோ போல என்ஜினே விசிறியைச் சுழற்றும் வண்டிகளில் இது நன்றாகவே பயன் தரும். முள் இறங்கத் தொடங்கினால் கவலை குறைவு. ஆனால் ஆவி வந்தாலோ, கூலண்ட் கொட்டினாலோ, முள் சிவப்பில் நின்றாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் அணைக்க வேண்டும். ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே முள் திடீரெனக் கீழே விழுந்தால் குளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் வற்றிவிட்டால் அது காட்டுவது பொய்.

என்ஜினை அணைத்ததும் கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு அண்டைக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை மறக்காமல் ஓரத்தில் எடுத்துப் போட்டுவிடுங்கள். இருட்டில் பைக்கில் இறங்குபவர்கள் இத்தகைய கற்களில் மோதி விழுவதை நாங்கள் இங்கே தொடர்ந்து பார்க்கிறோம்.

பிறகு காத்திருக்க வேண்டும், குறைந்தது முக்கால் மணி நேரம். மேல் ஓஸைத் துணி சுற்றி அழுத்திப் பாருங்கள். விறைப்பின்றி அமுங்கினால் அழுத்தம் தணிந்திருக்கிறது. கனத்த துணியை மூடியின்மேல் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருகி, மிச்ச ஆவியைப் போகவிட்டு, பின்னர் முழுவதும் திறங்கள். சூடான என்ஜினின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டக் கூடாது. உலோகம் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சுருங்கி விரிசல் விடலாம். உள்ளே ஊற்றும்போதும், என்ஜின் ஓரளவு ஆறிய பின், அதை ஓடவிட்டுச் சிறுகச் சிறுக ஊற்றுவதே முறை. கூலண்ட் இல்லையென்றால் குடிதண்ணீர் போதும். பட்டறையை அடையும் வரைக்கும் அது தாங்கும். கூலண்டைச் சாலையோரம் வடித்துவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. அதை நக்கும் நாய்க்கும் காட்டு விலங்குக்கும் சிறிதளவே போதும் உயிரைப் போக்க. இந்தச் சாலைகள் காட்டின் ஊடே செல்பவை.

ஏறும் வளைவுகளில் ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி, அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கும் பழக்கமும் விட வேண்டியது. அந்நிலையில் பம்ப்பின் அழுத்தம் உச்சத்தில் நிற்கிறது, ஆயில் வேகமாகச் சூடேறி மெலிகிறது, சீல்களும் ஓஸ்களும் சிரமப்படுகின்றன. கடைசியைத் தொட்டதும் ஒரு விரற்கடை அளவு தளர்த்திக்கொண்டால் போதும், வண்டி திரும்பும் அளவில் வேறுபாடு தெரியாது. நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பாமல், வண்டி சற்றே உருளும்போது திருப்புவதும் அதே காரணத்துக்காகத்தான்.

இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி என்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இதைப்பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் பம்ப் நிற்கும். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரில் ஓரிரு அழுத்தல்களுக்கான வலு மட்டுமே மிஞ்சும். குமுளிச் சாலையில் இரைச்சல் பாலத்துப் பக்க வளைவில் எதிரே பேருந்து வரும்போது, கனத்த ஸ்டீயரிங்கையும் கல்லான பிரேக்கையும் வைத்துக்கொண்டு எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் தானாகவே நின்றுவிட்டால், ஸ்டீயரிங் கனக்குமே தவிர வேலை செய்யாமல் போகாது என்பதை நினைவில் வைத்து, இரு கைகளாலும் பலமாகத் திருப்பி, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள்.

ஒருமுறை கொதித்த வண்டி, தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிட்டதுபோல் ஓடினாலும், அதைப் பட்டறையில் காட்டாமல் விடக் கூடாது. மறுநாள் காலை என்ஜின் ஆயில் மூடியைத் திறந்து, அதன் அடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் குழம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடேறிய பின்னும் சைலென்சரிலிருந்து வெண்புகை தொடர்கிறதா, கூலண்ட் டப்பாவில் குமிழிகள் இடைவிடாமல் எழுகின்றனவா என்றும் பாருங்கள். இவை, ஹெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். இவை எதுவும் இல்லாதபோதே “ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம்” என்று ஒருவர் சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். ரேடியேட்டரில் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிக்கும் சோதனை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள், அருகிலேயே நின்று பாருங்கள். மூடி, வெப்பத்துக்கேற்பக் கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், விசிறி, பெல்ட் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டிய பிறகே ஹெட்டில் கைவைக்க விடுங்கள்.